பேணியில் பதினெட்டுத் தாள்

ஆறாயிரம் ரூபாய்! அதுவும் நின்றுகொண்டு பார்க்க. கதிரையில் இருந்து பார்க்க வேண்டுமென்றால் பன்னிரண்டாயிரம். பாடுகிறவரின் முகம் தெரியக் கிட்ட இருக்க வேண்டுமென்றால் நாற்பதாயிரம். யாருடைய அப்பன் வீட்டுக் காசு? இந்தியாவிலிருந்து பெரிய பாடகர் ஒருவர் யாழ்ப்பாணத்துக்கு வருகிறார் என்று மூன்று மாதத்துக்கு முன் அல்லைப்பிட்டிச் சந்தியில் சுவரொட்டி ஒட்டியபோது, ஆகக் குறைந்த ரிக்கற் இரண்டாயிரத்து ஐந்நூறு என்றுதான் போட்டிருந்தார்கள். ஒரு மாதம் போக, அந்த இலக்கத்தின்மேல் மூவாயிரத்து ஐந்நூறு என்று ஒரு துண்டுக் காகிதத்தை ஒட்டினார்கள். பிறகு அதன்மேல் இன்னொரு துண்டு. பிறகு இன்னொன்று. மழையில் பாடகரின் முகம் வெளிறிப்போனது. விலை இருந்த இடம் மட்டும் தடித்துக்கொண்டே வந்தது.

"வாங்கிற ஆள் இருக்குமட்டும் ஏத்துவாங்கள்," என்றான் மிரோஜன். சொல்லிவிட்டு அவன் தாடையைத் தடவினான். அவன் தாடையைத் தடவினால் கிறிஸ்ரினா கைவேலையை விட்டுவிட்டு நிமிர்ந்து பார்ப்பாள். பன்னிரண்டு வருடம் அவனோடு குடித்தனம் நடத்துகிறவள் அவள். அல்லைப்பிட்டிக் கரையில் இருபத்துமூன்று அடி ஃபைபர் வள்ளம் ஒன்றும் ஒரு எஞ்சினும் வைத்துத் தொழில் செய்கிற மனுசனுக்குக் கெட்ட பழக்கம் என்று ஒன்றும் இல்லை, இப்படி இடைக்கிடை யோசனை வருகிற பழக்கத்தைத் தவிர.

"இஞ்ச பாரும்," என்றான். "பண்ணைக் கடற்கரையில அவங்கள் வேலி அடிக்கிறது மூண்டு பக்கந்தான். நாலாவது பக்கம் கடல். கடலுக்கு ஆர் வேலி அடிக்கிறது? வள்ளத்தைக் கொண்டுபோய் நேர முன்னால எஞ்சினை நிப்பாட்டினா, பாட்டு தண்ணிக்கு மேலால தெளிவா வரும். போன வருசம் நடந்த கச்சேரியை நான் வலை போட்டுக்கொண்டு முழுக்கக் கேட்டனான். பெரிய திரையும் தெரியும். ஆளுக்கு ஆயிரம் எண்டா ஆர் மாட்டன் எண்டுவினம்?"

"ஆக்களை ஏத்தப் போறியளோ? மீன் ஏத்திற வள்ளத்திலயோ?"

"மீனும் உயிரோடதானே ஏறுது."

"பகிடி விடாதேங்கோ. நேவி கண்டா?"

"காணாது."

அந்த 'காணாது' என்ற ஒரு சொல்லில்தான் மிரோஜனின் திட்டம் முழுவதும் நின்றது. இருட்டிய பிறகு பண்ணைப் பாலத்துக்குக் கிட்ட வள்ளம் போகக் கூடாது. மீன்பிடிக்கப் பதிந்த வள்ளத்தில் காசுக்கு ஆள் ஏற்றக் கூடாது. வீட்டில் இருந்த உயிர்காப்பு அங்கி மூன்று, அதில் ஒன்றை எலி அரித்திருந்தது. பிடிபட்டால் வள்ளம் போகும், எஞ்சின் போகும், பதிவுப் புத்தகம் போகும், பிறகு வழக்கென்று கோட்டுக்கும் வீட்டுக்கும் அலைய வேண்டியதுதான். இதையெல்லாம் கிறிஸ்ரினா விரல் மடித்துச் சொன்னாள். அவன் கேட்டுக்கொண்டிருந்தான். கேட்டு முடித்துவிட்டு, பக்கத்து வீட்டு ரஜீபனும் தன்னுடைய வள்ளத்தை விடுகிறான் என்றான். ரஜீபன் செய்தால் பிறகு என்ன, அது சட்டமாகிவிடும்!

"அப்ப நானும் வாறன்," என்றாள் கிறிஸ்ரினா.

"நீர் எதுக்கு? உமக்கு நீந்தவும் தெரியாது."

"பொம்பிளையள் ஏறினா ஒரு பொம்பிளை வேணும்."

அது வாய்க்கு வந்த காரணம். வீட்டில் இருந்து பயப்படுவதைவிட வள்ளத்தில் இருந்து பயப்படுவது சுகம் என்றுதான் அவள் உண்மையில் நினைத்தாள். சனிக்கிழமை மத்தியானம் பிள்ளைகள் இரண்டையும் ஊர்காவற்றுறையில் தாயின் வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தாள். மாமனார் யாக்கோப்புக்கு ஆறு மணிக்கே புட்டைக் குழைத்துக் கொடுத்தாள். கிழவர் காது மந்தம், எட்டு மணிக்கு முன்னரே படுக்கிறவர். அலுமாரிக்கு மேல் இருந்த தகரப் பிஸ்கற் பேணியை மத்தியானமே துடைத்து மூடி, காசு போட மேசையில் வைத்திருந்தாள். செபமாலையைக் கையில் சுற்றி, பேணியையும் எடுத்துக்கொண்டு கரைக்கு வந்தாள்.

கரையில் கோயில் மதிலோரம் மோட்டார் சைக்கிள்களும் சைக்கிள்களும் வரிசையாக நின்றன. வேலணை, கரம்பொன், ஊர்காவற்றுறை என்று எங்கிருந்தெல்லாமோ சனம் வந்திருந்தது. யார் யாரென்று அவளுக்குத் தெரியவில்லை. தெரிந்த முகம் நாலைந்துதான். நிகழ்ச்சி வாசலில் ரிக்கற் பத்தாயிரமாகிவிட்டது என்று யாரோ கைபேசியைப் பார்த்துச் சொன்னதும் கரையில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. உடனே பக்கத்தில் ரஜீபனின் குரல் கேட்டது.

"ஆயிரத்தஞ்ஞூறு! ஆயிரத்தஞ்ஞூறு தாற ஆக்கள் இஞ்சால வாங்கோ!"

அதற்கும் ஆள் ஓடியது, கேளுங்கள்! மிரோஜனும் திரும்பிக் கிறிஸ்ரினாவைப் பார்த்தான். அவன் கை தாடைக்குப் போவதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"இந்த வாயாலதானே அவங்களைத் திட்டினியள்? ஆயிரம் எண்டா ஆயிரம்."

ஆளுக்கு ஒரு தாள், சில்லறைக் கதை இல்லை என்று பேசியிருந்தார்கள். அவள் முழங்காலளவு தண்ணீரில் பேணியோடு நின்றாள். ஏறுகிறவர்கள் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, ஆயிரம் ரூபாய்த் தாளைப் பேணிக்குள் போட்டுவிட்டு ஏறினார்கள். இருட்டில் அவள் தலையை எண்ணவில்லை. தாளை எண்ணினால் ஆளை எண்ணியது மாதிரித்தானே என்று விட்டுவிட்டாள்.

வள்ளம் கிளம்பியபோது தண்ணீர் விளிம்புக்கு நாலு விரல் கீழே நின்றது. நாலு விரல்! கிறிஸ்ரினா விளிம்பிலே கையை வைத்து அளந்து பார்த்தாள். பிறகு அளக்காமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது. சனம் சிரித்துக்கொண்டும் படம் எடுத்துக்கொண்டும் வந்தது. கடலில் தொழில் செய்கிறவன் வள்ளத்தில் உட்கார்ந்தால் உட்கார்ந்த இடத்தில் இருப்பான். இவர்கள் திருவிழா பஸ்ஸில் போகிறவர்கள் மாதிரி எழும்பி எழும்பி இடம் மாறினார்கள். "இருங்கோ பிள்ளையள், ஆடாமல் இருங்கோ," என்று அவள் சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டது. பரவைக் கடல்தான், ஆழமில்லை, கழுத்தளவுதான் என்று மிரோஜன் சொன்னான். கழுத்தளவு தண்ணீர் என்றால் யாருடைய கழுத்து அளவு என்று அவள் கேட்கவில்லை.

நிகழ்ச்சி நடக்கும் வெளிக்கு முன்னால் போய்ச் சேர்ந்தபோது அங்கே ஏற்கெனவே ஏழெட்டு வள்ளம் நின்றது. இந்த யோசனை மிரோஜனுக்கு மட்டும் வந்ததில்லைப் போலும். எஞ்சினை நிறுத்தி நங்கூரம் போட்டான். ரஜீபனின் வள்ளமும் இடப்பக்கம் வந்து நின்றது. திரை தீப்பெட்டி அளவில் தெரிந்தது. ஆனால் சத்தம் வந்தது பாருங்கள், பக்கத்து வீட்டு முற்றத்தில் வாசிப்பது மாதிரி! மேளம் அடித்தால் வள்ளத்தின் அடித்தட்டு அதிர்ந்தது. ஒரு கணம் கிறிஸ்ரினாவும் பயத்தை மறந்தாள். நாற்பதாயிரம் கொடுத்தவனுக்கும் இதே குரல்தானே கேட்கிறது என்று நினைத்தாள்.

அப்போதுதான் அந்தப் பாட்டுத் தொடங்கியது. எல்லோரும் அதற்காகத்தான் வந்தார்கள் போல. முதல் சொல் வந்ததும் கரையில் பத்தாயிரம் பேர் கத்தினார்கள். வள்ளங்களிலும் கத்தினார்கள். கிறிஸ்ரினாவின் வள்ளத்தில் இருந்த அத்தனை பேரும் எழும்பிக் கைபேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, திரை தெரிகிற பக்கத்துக்கே சாய்ந்தார்கள்.

வள்ளம் சரிந்தது. தண்ணீர் விளிம்பால் ஏறி அவளுடைய மடியில் கொட்டியது. "இருங்கோ! ஐயோ, இருங்கோடா!" என்று மிரோஜன் குளறினான். ஒருத்தர் காதிலும் விழவில்லை. கிறிஸ்ரினா மறுபக்கத்து விளிம்பைப் பிடித்துத் தன் பாரமெல்லாம் போட்டுத் தொங்கினாள். முடிந்தது, இத்தோடு முடிந்தது, பிள்ளைகள் நாளைக்கு அம்மா வீட்டில் எழும்பும்போது நாங்கள் இல்லை என்று நினைத்தாள். மிரோஜன் முன்னால் நின்ற இரண்டு பேரைச் சட்டையில் பிடித்து இழுத்து விழுத்தினான். வள்ளம் நிமிர்ந்தது. பயந்துபோன சனம் இப்போதுதான் கீழே குந்தியது.

பாலத்துப் பக்கமிருந்து வெளிச்சம் ஒன்று தண்ணீரைத் தடவிக்கொண்டு வந்தது. கடற்படையின் வெளிச்சம். அவ்வளவுதான். ஏழெட்டு எஞ்சினும் ஒரே நேரத்தில் உறுமின. ஒன்றோடொன்று இடித்தன. யாரோ யாரையோ தூஷணத்தால் பேசினார்கள். மிரோஜன் நங்கூரக் கயிற்றைக் கத்தியால் வெட்டிவிட்டு, விளக்கில்லாமல் அல்லைப்பிட்டிக்கு விட்டான். பின்னால் அந்தப் பாட்டு இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது.

கரையில் இறக்கும்போது கிறிஸ்ரினா ஒவ்வொருவரின் கையையும் பிடித்து இறக்கினாள். ஒருவர் இறங்கினால் செபமாலையில் ஒரு மணியைத் தள்ளினாள். பத்து மணியும் முடிந்து, அடுத்த பத்தில் ஏழாவது மணியில் விரல் நின்றது. பதினேழு. சனம் மோட்டார் சைக்கிள்களை எடுத்துக்கொண்டு பறந்தது. ரஜீபனின் வள்ளமும் வந்து, அவனுடைய ஆட்களும் போனார்கள். கடவுளே நன்றி என்று அவள் வீட்டுக்கு வந்து, குசினி மேசையில் பேணியைக் கவிழ்த்து எண்ணினாள்.

பதினெட்டு.

இன்னொருமுறை எண்ணினாள். தாளைத் தாளாகப் பிரித்து, எச்சில் தொட்டு எண்ணினாள். பதினெட்டு.

"என்னப்பா," என்றாள். "ஒரு ஆள் இல்லை."

மிரோஜன் ஈரச் சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தான். "என்ன கதைக்கிறீர்?"

"காசு பதினெட்டு. இறங்கினது பதினேழு. நான் மணியில எண்ணினனான். பிழைக்காது."

"ஆரும் இரண்டு தாள் போட்டிருப்பினம், ஒட்டிக்கொண்டு போயிருக்கும்."

"ஆயிரம் ரூபாத் தாள் ஒட்டினா ஆருக்கப்பா தெரியாது? பத்தாயிரம் இல்லையெண்டு உங்கட வள்ளத்தில ஏறினதுகள், கூட ஒரு ஆயிரத்தைப் போட்டிட்டுப் போகுங்களோ?"

அவன் உட்கார்ந்தான். அவனும் எண்ணினான். அவனுக்கும் பதினெட்டுதான் வந்தது. வள்ளம் சரிந்த அந்த நேரம் இருவருக்கும் ஒன்றாகத்தான் ஞாபகம் வந்தது. மிரோஜன் ரஜீபனுக்குப் போன் எடுத்தான்.

"என்ர ஆக்கள் எல்லாரும் வந்திட்டினம்," என்றான் ரஜீபன்.

"எண்ணினனீரோ?"

"எண்ண என்ன கிடக்கு? வள்ளம் வெறுமையாத்தானே நிக்குது."

கிறிஸ்ரினா ரோர்ச்லைற்றை எடுத்துக்கொண்டு கோயில் மதிலடிக்கு ஓடினாள். வந்தவர்கள் வாகனத்தை அங்கேதானே விட்டார்கள். ஒன்றும் நிற்கக் கூடாது, அந்தோனியாரே, ஒன்றும் நிற்கக் கூடாது என்று வாய் முணுமுணுத்தது. மதிலின் முழு நீளத்துக்கும் வெளிச்சத்தை அடித்துக்கொண்டு போனாள். கடைசி மூலையில், பூவரசுக்குக் கீழே, ஒரு பெண்கள் சைக்கிள் நின்றது. பூட்டியிருந்தது. கூடைக்குள் ஒரு கடைப் பை. பைக்குள் ஒரு சோடிச் செருப்பு. நனையக் கூடாதென்று கவனமாகச் சுற்றி வைத்திருந்தது.

ஒரு பெண்பிள்ளை. எந்தப் பிள்ளை? ஏறும்போது பெண்கள் ஆறேழு பேர் ஏறினார்கள். ஒரு முகமும் ஞாபகம் வரவில்லை. கை மட்டும்தான் ஞாபகம் வந்தது, தாளைப் பேணிக்குள் போட்ட கைகள்.

"விடிய மட்டும் பாப்பம்," என்றான் பின்னால் வந்த மிரோஜன். "ஆரோடயும் மோட்டார் சைக்கிளில ஏறிப் போயிருப்பாள். காணேல்லையெண்டா அந்த வீட்டுக்காரர் தேடி வருவினம்."

"செருப்பில்லாமலோ போனவள்?"

"நான் திரும்பப் போய்த் தேடுறன்."

"நீங்கள் தனிய ஒரு ரோர்ச்சோட அந்தக் கடல் முழுக்கத் தேடுவியளோ? அவங்களிட்டப் பெரிய வெளிச்சம் கிடக்கு. நான் நேவிக்காரரிட்டப் போறன்."

"உனக்கென்ன விசரே?" என்றான். கோபம் வந்தால் அவனுடைய 'நீர்' கழன்று 'நீ' ஆகிவிடும். "வள்ளம் போகும். எஞ்சின் போகும். நானும் உள்ள போவன். பிள்ளையளுக்கு என்ன குடுப்பாய்?"

அவளுக்கும் அது தெரியும். விரல் மடித்து எண்ணிச் சொன்னவளே அவள்தானே. காவலரணுக்கு முன்னால் சைக்கிளில் இருந்து இறங்கி நடந்த சண்டைக் காலத்தில் வளர்ந்தவள் அவள். இந்த ஊரில் யாரும் தாமாக அங்கே போய் நின்றதில்லை. கூப்பிட்டால் போவார்கள், அதுவும் நாலு பேராகச் சேர்ந்து போவார்கள். ஆனாலும் கடைப் பையைக் கூடையிலிருந்து எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடக்கத் தொடங்கினாள். கொஞ்ச நேரத்தில் பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. மிரோஜன் பதிவுப் புத்தகத்தோடு வந்துகொண்டிருந்தான்.

காவலரணில் நின்ற அதிகாரிக்கு முப்பது வயதுகூட இருக்காது. தமிழை மெல்ல மெல்லப் பொறுக்கி எடுத்துப் பேசினார்.

"எத்தனை ஆள் ஏத்தினது?"

"பதினெட்டு, சேர்."

"வந்தது?"

"பதினேழு."

"இல்லாத ஆள் பேர் என்ன?"

"தெரியாது, சேர்."

"பேர் தெரியாமல் கடலுக்கு ஆள் கொண்டு போனதா? ரிக்கற் ஒண்டும் குடுக்க இல்லையா?"

கிறிஸ்ரினா இல்லை என்று தலையாட்டினாள். நாற்பதாயிரத்துக்கு விற்கிறவன் ஒரு துண்டையாவது கையில் கொடுக்கிறான். அதில் ஒரு இலக்கமாவது இருக்கும். இவர்கள் ஒரு பிள்ளையின் ஆயிரம் ரூபாயை வாங்கிப் பேணிக்குள் போட்டுவிட்டுப் பெயரைக்கூடக் கேட்கவில்லை. அதிகாரி பதிவுப் புத்தகத்தை வாங்கி வைத்துக்கொண்டார். வள்ளத்தைக் கட்டச் சொல்லி இரண்டு பேரை அனுப்பினார். மிரோஜனை இடம் காட்டச் சொல்லித் தங்கள் படகில் ஏற்றிக்கொண்டார்கள். படகு போன பிறகு கிறிஸ்ரினா படலைக்கு வெளியே மணலில் தனியாக நின்றாள். பெரிய வெளிச்சம் தூரத்தில் தண்ணீர்மேல் அங்குமிங்கும் போவதைப் பார்த்தாள். ஒவ்வொருமுறை அது ஓரிடத்தில் நிற்கும்போதும் அவளுடைய மூச்சும் நின்றது.

பத்தரை மணி போல் யாக்கோப்பு வந்தார். அயலட்டைச் சனம் தட்டி எழுப்ப, சால்வையைப் போர்த்துக்கொண்டு தட்டுத்தடுமாறி வந்திருந்தார்.

"என்ன பிள்ளை நடந்தது? ஆர் இல்லையாம்?"

அவள் காதுக்குக் கிட்டப் போய்க் கத்திச் சொன்னாள். "பேணிக்குள்ள பதினெட்டு, மாமா! இறங்கினது பதினேழு!"

கிழவர் சால்வையை இழுத்துவிட்டுக்கொண்டார். பிறகு மெதுவாகக் கேட்டார். "அடியில கிடந்த தாளையும் சேர்த்தோ எண்ணினனி?"

"எந்தத் தாள்?"

"நான் போட்டது. பின்னேரம் நீ புட்டு அவிக்கேக்குள்ள போட்டனான். புதுத் தொழிலை வெறும் பேணியோட தொடங்கக்கூடாதெண்டு, அந்தோனியாற்ற பங்கா ஒரு ஆயிரத்தை அடியில வைச்சனான். புது வலை இறக்கினாலும் நாங்கள் அப்பிடித்தானே பிள்ளை செய்யிறது. உன்னட்டச் சொல்ல மறந்துபோனன்."

கிறிஸ்ரினா மணலில் அப்படியே குந்திவிட்டாள். பதினேழு பேர்தான் ஏறினார்கள். பதினேழு பேரும் இறங்கினார்கள். தன்னுடைய வள்ளத்தில் ஒருத்தரும் சாகவில்லை! அழுகை பொத்துக்கொண்டு வந்தது, கூடவே சிரிப்பும் வந்தது. அடுத்த கணமே வள்ளம் ஞாபகத்துக்கு வந்தது. ஐயோ, வள்ளம்! தன் வாயாலேயே போய்ச் சொல்லி, புருசனைக் கையோடு கூட்டி வந்து ஒப்படைத்து, பதிவுப் புத்தகத்தையும் கொடுத்தாயிற்று. எதற்கு? அந்தோனியாருக்கு வைத்த ஆயிரம் ரூபாய்க்கு! கிழவரைப் பார்க்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"மாமா, உங்கட அந்தோனியார் எங்களைத் தெருவில விட்டிட்டார்," என்றாள். கிழவருக்குக் கேட்கவில்லை, நல்ல காலம்.

அவள் மிரோஜனுக்குப் போன் எடுத்தாள். படகுச் சத்தத்துக்கு மேலால் விசயத்தைச் சொன்னாள்.

"அப்ப எங்கட ஆக்கள் ஒருத்தரும் காணாமப் போகேல்லை," என்றான். குரலில் உயிர் வந்திருந்தது. "நான் இவங்களிட்டச் சொல்லுறன், கணக்குப் பிழைச்சுப்போச்செண்டு. இவங்களுக்கும் அலுத்துப்போச்சு, திரும்புவமோ எண்டுதான் கதைக்கிறாங்கள். மன்னிப்புக் கேட்டா வள்ளத்தை விட்டாலும் விடுவாங்கள், கிறிஸ்ரினா. சொல்லட்டோ?"

ஓம் என்று சொல்ல வாய் எடுத்தாள். அப்போதுதான் மடியில் இருந்த கடைப் பை நழுவி மணலில் விழுந்தது. ஒரு செருப்பு வெளியே வந்து கிடந்தது. சின்னக் கால். ஏழு அல்லது எட்டு மணித்தியாலம் நின்று வேலை செய்கிறவளின் செருப்பு, குதிப்பக்கம் தேய்ந்திருந்தது.

தன்னுடைய வள்ளத்தில் வந்தவள் இல்லை. அப்படியென்றால் யாருடைய வள்ளத்தில் வந்தவள்? வள்ளம் வெறுமையாகத்தானே நிற்கிறது என்று சொன்னவனின் வள்ளத்தில். அந்தப் பிள்ளை யாருடனாவது மோட்டார் சைக்கிளில் போயிருக்கலாம். வெறுங்காலோடு போகிறவர்களும் இருப்பார்கள். இருப்பார்களா? இல்லை என்று ஒரு மனம் சொன்னது. உனக்கேன் இந்த வேலை, உன் பிள்ளைகளைப் பார் என்று இன்னொரு மனம் சொன்னது. பயம் இப்போது இரண்டு பக்கமும் நின்று அவளைப் பிடித்து இழுத்தது.

"கிறிஸ்ரினா? கேக்குதோ? சொல்லட்டோ?"

"சொல்லாதேங்கோ," என்றாள். "தேடுங்கோ."

"எங்கட ஆள் இல்லையெல்லே?"

"அந்தச் சைக்கிள் நிக்குதப்பா. ரஜீபன்ர வள்ளம் எங்க நிண்டதோ அங்க தேடச் சொல்லுங்கோ. அவன் எங்களுக்கு இடப்பக்கம், சிறகுவலைக்குக் கிட்ட நிண்டவன்."

மிரோஜன் போனை வைத்தான். அவன் என்ன செய்யப்போகிறான் என்று அவளுக்குத் தெரியாது. வெளிச்சம் தூரத்தில் அசையாமல் நின்றது. திரும்பிவிடப் போகிறார்கள் என்று நினைத்தாள். பிறகு அது மெதுவாக இடப்பக்கம் நகர்ந்தது.

கால் மணித்தியாலம் இருக்கும். கிறிஸ்ரினாவுக்கு அது ஒரு முழு இரவு. இறால் பிடிக்கச் சேற்றில் நட்டு வைத்த சிறகுவலைத் தடிகளுக்கிடையே வெளிச்சம் புகுந்து புகுந்து போனது. ஓரிடத்தில் நின்றது. யாரோ கத்துவது கேட்டது. யாரோ தண்ணீரில் குதித்தார்கள். பிணத்தைத்தான் எடுக்கிறார்கள் என்று அவள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். போன் அடித்தது. எடுக்கவும் பயம்.

"உயிர் கிடக்கு," என்றான் மிரோஜன்.

பிள்ளையைப் போர்வையில் சுற்றிக் கொண்டுவந்து இறக்கினார்கள். அம்புலன்ஸ் வரும்வரை கிறிஸ்ரினாதான் மடியில் தாங்கிக்கொண்டிருந்தாள். பத்தொன்பது வயது, பெயர் நிலாந்தினி, கரம்பொன், ஊர்காவற்றுறையில் ஒரு மருந்துக்கடையில் வேலை. கழுத்தளவு தண்ணீரில் ஒரு தடியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். தடியில் ஒட்டியிருந்த சிப்பி இரண்டு உள்ளங்கையையும் கிழித்திருந்தது. கால் சேற்றில் புதையப் புதைய, தண்ணீர் வாய்க்கு வந்துவிட்டது. சின்னம்மா வீட்டில் நிற்கப் போகிறேன் என்று தாயிடம் பொய் சொல்லிவிட்டு வந்தவளை விடியும்வரை யாரும் தேடியிருக்க மாட்டார்கள்.

"ரண்டாயிரத்தஞ்ஞூறு சேர்த்தன், அக்கா," என்றாள். உதடு நீலம் பாரித்திருந்தது. கேட்காமலே சொல்லிக்கொண்டிருந்தாள். "சேர்த்துக்கொண்டு போக மூவாயிரத்தஞ்ஞூறு எண்டாங்கள். அதையும் சேர்த்தன். பிறகு ஆறாயிரம் எண்டாங்கள். அதுக்குப் பிறகுதான் வள்ளத்தில வந்தனான்."

"கதையாதேங்கோ பிள்ளை. பேசாமல் படுங்கோ."

"வெளிச்சம் வரேக்க வள்ளம் இடிச்சுது, நான் விழுந்திட்டன். கத்தினனான் அக்கா. நல்லாக் கத்தினனான். எல்லாரும் கத்தினவை."

கிறிஸ்ரினா அவளுடைய தலையை நெஞ்சோடு அமத்திக்கொண்டாள். யாக்கோப்பு பக்கத்தில் நின்று சிலுவை போட்டுக்கொண்டிருந்தார். அம்புலன்ஸ் வந்து பிள்ளையை ஏற்றிக்கொண்டு போனது. அதிகாரி கிறிஸ்ரினாவிடம் ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார். ஆளைக் கூட்டிக்கொண்டு போகலாம், வள்ளத்தை இன்றைக்கு விட ஏலாது, புதன்கிழமை கோட்டுக்கு வாருங்கள் என்றார். சொல்லும்போது அவர் அவளுடைய முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் ஒருவேளை விட்டிருப்பாரோ என்னவோ.

வீட்டுக்கு வந்ததும் கிழவர் போய்ப் படுத்துவிட்டார். குசினி மேசையில் பேணி திறந்தபடி கிடந்தது, பக்கத்தில் பதினெட்டுத் தாளும் விரித்தபடி கிடந்தன. மிரோஜன் கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான். புதன்கிழமைக்கு யாரைப் பிடிக்கலாம், வழக்குப் பேச எந்த அப்புக்காத்து மலிவு, அதுவரை ரஜீபனின் வள்ளத்தில் கூலிக்குப் போகலாமா, அவனையும் பிடித்துவிட்டால் என்ன செய்வது என்று மெதுவாகப் பேசிக்கொண்டே போனான். கிறிஸ்ரினா ஒன்றையும் கேட்கவில்லை. அவள் தாள்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னப்பா," என்றாள் கடைசியில். "மாமா அந்த ஆயிரத்தை வைக்காமல் விட்டிருந்தா கணக்குச் சரியா வந்திருக்கும். பதினேழுக்குப் பதினேழு."

"ஓம். வள்ளமும் நிண்டிருக்கும்."

"நான் பேணியை மூடிப்போட்டு, செபம் சொல்லிப்போட்டு, நல்லா நித்திரை கொண்டிருப்பன்."

அவளுக்கு அப்போதுதான் நடுக்கம் தொடங்கியது. கடலில் வராத நடுக்கம், காவலரணில் வராத நடுக்கம், குசினிக்குள் வந்து நிற்க மாட்டேன் என்றது. மிரோஜன் எழும்பி வந்து அவளுடைய கையைப் பிடித்தான்.